சனியின் நிலாக்களைச் சிறிய தொலைநோக்கியில் பெயர் சொல்லி அறிவது எப்படி?

சனிக் கோளைத் தொலைநோக்கியில் முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் வளையத்தைக் கண்டு மனம் நிறைந்து அத்துடன் நின்றுவிடுவது இயல்பு. வளையத்துக்கு இருபுறமும் ஊசிமுனை அளவில் ஒளிரும் புள்ளிகளில் எது நிலா, எது பின்னணியில் இருக்கும் விண்மீன், நிலாவாக இருந்தால் அது எந்த நிலா என்று கேட்கத் தொடங்கும்போதுதான் சிரமம் தெரிகிறது. நான் இந்தக் கேள்வியோடு ஒரு மாதம் முழுவதும் இரவுகளைச் செலவிட்டு 11 படங்கள் வரைந்தேன். அவற்றில் ஒன்றைக்கூடப் பின்னர் பயன்படுத்த முடியவில்லை. 7 படங்களில் திசை குறிக்கப்படவில்லை. மற்றவற்றில் நேரம் இருந்தது, ஆனால் அது எந்தக் கணக்கிலான நேரம் என்பது எழுதப்படவில்லை. 3 இரவுகள் தொடர்ந்து ரியா (சனியின் நிலாக்களில் ஒன்று) என்று பெயரெழுதி வைத்திருந்த புள்ளி ஒரு விண்மீன் என்பது பிறகுதான் தெரிந்தது. பார்த்ததில் குறையில்லை, பதிவு செய்த முறையில்தான் குறை. அந்த ஒரு மாதத்தை நீங்கள் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இந்தப் படிகளை வரிசையாக எழுதுகிறேன்.

1. எத்தனை நிலாக்களை எதிர்பார்க்கலாம்?

2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 நிலாக்கள் சேர்க்கப்பட்டபோது சனியின் நிலாக்களின் எண்ணிக்கை 274-ஐத் தொட்டது. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு தொலைநோக்கியின் முன் அமர்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அவற்றில் பெரும்பாலானவை சில கிலோமீட்டர் அகலமே உள்ள, மிகப் பெரிய தொலைநோக்கிகளுக்கு மட்டுமே புலப்படும் பாறைத் துண்டுகள். வீட்டு முற்றத்திலோ மாடியிலோ வைத்துப் பார்க்கும் கருவிக்கு எட்டக்கூடியவை ஐந்து முதல் ஏழு நிலாக்கள்.

உங்கள் தொலைநோக்கியின் முகப்பு விட்டம் (ஒளியை வாங்கும் முதன்மை லென்ஸ் அல்லது கண்ணாடியின் அகலம்) 60 மி.மீ. என்றால் டைட்டன் தெளிவாகத் தெரியும். அதன் பொலிவெண், அதாவது ஒளியளவைக் குறிக்கும் எண், சுமார் 8.4. விட்டம் 80 அல்லது 90 மி.மீ. ஆனால் 9.7 பொலிவெண் கொண்ட ரியாவும் சேரும். 100 முதல் 125 மி.மீ. வரை சென்றால் டெத்திஸும் (10.2) டயோனியும் (10.4) நல்ல இரவுகளில் கிட்டும். 11.7 பொலிவெண் உள்ள என்செலடஸ் வளையத்துக்கு அருகிலேயே சுற்றுவதால் 150 முதல் 200 மி.மீ. வரையிலான விட்டம் வேண்டும். மைமாஸைப் பிடிக்க 250 மி.மீ. விட்டமும், அதற்கு மேல் பொறுமையும் தேவை. தொடக்கத்தில் அதை மறந்துவிடுங்கள். ஐயாபெட்டஸ் தனி வகை. அதைக் கடைசிப் படியில் பார்ப்போம்.

பொலிவெண் கூடக் கூட ஒளி மங்குகிறது என்பதைப் புதியவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். டைட்டனுக்கும் டயோனிக்கும் உள்ள 2 எண் வேறுபாடு, ஒளியளவில் ஏறத்தாழ ஆறு மடங்கு வேறுபாடு.

2. செலவை எங்கே செய்வது?

கையில் இருக்கும் தொகையில் முதல் உரிமை தாங்கிக்குத்தான். குழாயைத் தொட்டதும் சில நொடிகள் நடுங்கிக்கொண்டிருக்கும் முக்காலியின் மேல் எவ்வளவு நல்ல லென்ஸை வைத்தாலும் 10-ஆம் பொலிவெண் புள்ளி தெரியாது. நடுக்கத்தில் அதன் ஒளி கோடாக இழுபட்டு மறைந்துவிடும். தரையோடு ஒட்டி நிற்கும் மரப்பெட்டி போன்ற டோப்சோனியன் தாங்கியில் அமைந்த பிரதிபலிப்புத் தொலைநோக்கிகள் இந்த வேலைக்குச் செலவு குறைந்த, உறுதியான தேர்வு. அடுத்த உரிமை ஐபீஸ் எனப்படும் கண்ணருகு லென்ஸுக்கு. தொலைநோக்கியின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும்: 900 மி.மீ. குவியத் தூரமுள்ள குழாயில் 9 மி.மீ. ஐபீஸ் 100 மடங்கு தரும். நிலாக்களைத் தேட 100 முதல் 150 மடங்கு போதுமானது.

பெட்டியின் மேல் 500 மடங்கு என்று அச்சிட்டு விற்கப்படும் சிறிய தொலைநோக்கிகளை வாங்காதீர்கள். மி.மீ. கணக்கிலான முகப்பு விட்டத்தைப் போல் இரு மடங்குதான் பயனுள்ள உருப்பெருக்கத்தின் எல்லை, 60 மி.மீ. கருவிக்கு அது 120. அதற்கு மேல் பெருக்கினால் மங்கலும் நடுக்கமுமே பெரிதாகும். வண்ண வடிகட்டிகளும் நிலாக்களைத் தேடும் வேலைக்குத் தேவையில்லை. அவை ஒளியைக் குறைக்கின்றன. நமக்கு வேண்டியது ஒளி.

மீதமுள்ள செலவு மிகச் சிறியது: ஒரு கட்டு ஏ4 தாள், மி.மீ. குறிகள் தெளிவாக உள்ள அளவுகோல், மென்மையான பென்சில், சிவப்புத் தாள் ஒட்டிய கைவிளக்கு. நிலாக்களின் இடத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளும், நாசாவின் ஹொரைசன்ஸ் கணிப்புச் சேவையும் இலவசம். முதல் ஆண்டில் இதற்குமேல் எதையும் வாங்க வேண்டிய அவசியம் எனக்கு நேரவில்லை.

3. எந்த மாதம், எந்த மணி?

சூரியனுக்கு நேரெதிரே சனி வரும் நாள்தான் பருவத்தின் மையம். அன்று சூரியன் மறையும்போது சனி உதித்து, நள்ளிரவில் உச்சத்தை அடைகிறது. இந்த நேரெதிர் நாள் 378 நாட்களுக்கு ஒருமுறை வருவதால் ஆண்டுதோறும் சுமார் இரண்டு வாரம் தள்ளிப்போகும்: 2026-இல் அக்டோபர் 4, 2027-இல் அக்டோபர் 18. அந்த நாளுக்கு முன்னும் பின்னும் ஆறு வாரங்களை உங்கள் பருவமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த எல்லை ஏன் என்பது 8-ஆம் படியில் விளங்கும்.

ஒவ்வோர் இரவும் சனி அடிவானத்திலிருந்து 30 பாகைக்கு மேல் ஏறிய பிறகே தொடங்குங்கள். அதற்குக் கீழே நம் பார்வை அடர்ந்த காற்றைத் துளைத்துச் செல்ல வேண்டியிருப்பதால் டெத்திஸ், டயோனி போன்றவை கரைந்துவிடும். நமது நிலா முழுமதியாகச் சனியின் பக்கத்தில் நிற்கும் இரண்டு மூன்று இரவுகளையும் விட்டுவிடலாம்.

வளையத்தின் சாய்வும் கவனத்துக்குரியது. 2025 மார்ச் 23 அன்று பூமி வளையத் தளத்தைக் கடந்தது. அப்போது வளையம் கோடுபோல் மெலிந்து காணப்பட்டது. அதற்குப் பிறகு அது ஆண்டுக்கு ஆண்டு அகன்று விரிந்துவருகிறது. வளையம் விரிய விரிய அதன் ஒளியும் கூடும், உள்வட்ட நிலாக்கள் அந்த ஒளியில் மூழ்கும். எனவே டெத்திஸையும் என்செலடஸையும் பார்க்க விரும்புகிறவர்கள் வரும் ஓரிரு ஆண்டுகளைத் தவறவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. சனி சூரியனுக்குப் பின்புறம் செல்லும் வாரங்களில், அந்தியிலோ விடியலிலோ சூரியன் அடிவானத்துக்கு மேல் இருக்கும்போது அந்தப் பக்கமாகத் தொலைநோக்கியைத் திருப்பவே கூடாது. ஒரு கணம் சூரியன் தொலைநோக்கியின் பார்வைப் புலத்துக்குள் வந்தாலும் கண்பார்வை நிரந்தரமாகப் போய்விடும்.

4. பதிவுத் தாளைப் பகலிலேயே தயார் செய்யுங்கள்

என் முதல் மாதத்தை வீணாக்கியது, இருட்டில் வெற்றுத் தாளில் மனம்போன அளவில் வரைந்ததுதான். இந்தப் படியை எவரும் தாண்டிச் செல்லக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏ4 தாளை அகலவாட்டில் வைத்து, நடுவில் 20 மி.மீ. நீளத்துக்கு ஒரு கிடைக்கோடு போடுங்கள். இதுதான் வளையத்தின் முனைக்கு முனை நீளம். இதன் நடுவே 9 மி.மீ. விட்டமுள்ள சிறு வட்டம் சனியின் உருண்டை. இந்த அளவீட்டில் ஒவ்வொரு நிலாவும் சனியின் மையத்திலிருந்து எவ்வளவு தூரம்வரை விலக முடியும் என்பதை இருபுறமும் மெல்லிய குத்துக்கோடுகளாகக் குறித்துக்கொள்ளுங்கள்: என்செலடஸ் 17 மி.மீ., டெத்திஸ் 21.5 மி.மீ., டயோனி 27.5 மி.மீ., ரியா 38.5 மி.மீ., டைட்டன் 89 மி.மீ. ஐயாபெட்டஸுக்கு 260 மி.மீ. வருவதால் அது தாளுக்கு வெளியே போய்விடும்.

இந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு வேலி. எந்த நிலாவும் தன் வேலிக்குள் எங்கும் நிற்கலாம். வேலியைத் தாண்ட மாட்டாது. இதன் பயனை ஓர் இரவின் தாளைக் கொண்டே சொல்கிறேன். அன்று மேற்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகளைக் குறித்தேன். ஒன்று மையத்திலிருந்து 84 மி.மீ. தூரத்தில், மூன்றிலும் ஒளி மிகுந்தது, லேசாகச் செம்மஞ்சள் சாயல் கொண்டது. அது டைட்டன் என்பதில் ஐயமில்லை. இரண்டாவது 36 மி.மீ. தூரத்தில், நடுத்தர ஒளி. ரியாவின் வேலிக்குள்தான் இருக்கிறது. டயோனி, டெத்திஸ் வேலிகளுக்கு வெளியே இருப்பதால் அவை இரண்டும் விலகிவிடுகின்றன. மூன்றாவது 52 மி.மீ. தூரத்தில், ரியாவைவிட மங்கலாக இருந்தது. தாளில் வேலியிட்ட ஐந்து நிலாக்களில் அந்தத் தூரத்துக்குப் போகக்கூடியது டைட்டன் ஒன்றே, அது ஏற்கெனவே வேறிடத்தில் நிற்கிறது. ஆகவே மூன்றாவது புள்ளி விண்மீன். மறுநாள் இரவு அது அங்கே இல்லை. எந்த மென்பொருளையும் திறக்காமல், தாளில் பகலில் போட்ட ஐந்து கோடுகள் மூன்று புள்ளிகளுக்கும் விடை தந்துவிட்டன.

தாளின் கீழே இந்த விவரங்களுக்கு இடம் விடுங்கள்: நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், தொலைநோக்கி, ஐபீஸ், உருப்பெருக்கம், காற்றின் நிலை, மேற்கு எந்தப் பக்கம், பிம்பம் கண்ணாடிப் பிம்பமா இல்லையா. காற்றின் நிலைக்கு 1 முதல் 5 வரையிலான அன்டோனியாடி அளவை எளிது: 1 என்றால் அசையாத பிம்பம், 5 என்றால் வரையவே இயலாத கொந்தளிப்பு. பத்துப் பன்னிரண்டு தாள்களை முன்கூட்டியே நகலெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இருட்டில் அளவுகோல் வைத்துக் கோடு போட முடியாது.

5. திசையை உறுதி செய்யாமல் ஒரு புள்ளியும் குறிக்காதீர்கள்

புதியவர்களை அதிகம் வீழ்த்தும் பொறி இதுதான். தொலைநோக்கிக்குள் தெரியும் பிம்பம் வானத்தில் இருப்பது போலவே இருப்பதில்லை. ஒளி எத்தனை கண்ணாடிகளில் பட்டுத் திரும்புகிறது என்று எண்ணுங்கள். இரட்டைப்படை என்றால் பிம்பம் தலைகீழாகச் சுழன்றிருக்கலாம், ஆனால் இடவலம் மாறாது. தாளைத் திருப்பிப் பிடித்தால் வரைபடத்தோடு பொருந்திவிடும். ஒற்றைப்படை என்றால் பிம்பம் முகம்பார்க்கும் கண்ணாடியில் தெரிவது போன்றது; தாளை எப்படித் திருப்பினாலும் பொருந்தாது. இரண்டு கண்ணாடிகள் கொண்ட நியூட்டன் வகைத் தொலைநோக்கி முதல் வகை. லென்ஸ் தொலைநோக்கியில் கழுத்து வலிக்காமல் பார்ப்பதற்காகப் பொருத்தும் கண்ணாடி டயகனல் அதை இரண்டாம் வகையாக்கிவிடுகிறது. டயகனலைக் கழற்றி நேராகப் பார்த்தால் அது மீண்டும் முதல் வகை.

திசை கண்டுபிடிக்கும் முறை எளியது. பின்தொடரும் மோட்டார் இருந்தால் நிறுத்திவிடுங்கள். சனி புலத்தில் நகர்ந்து ஓர் ஓரமாக வெளியேறும். வெளியேறும் ஓரம் மேற்கு. பிறகு குழாயின் முனையை வான வடதுருவம், அதாவது துருவ விண்மீன், இருக்கும் திசை நோக்கி மிக மெல்லத் தள்ளுங்கள். புதிய வானம் எந்த ஓரத்திலிருந்து உள்ளே நுழைகிறதோ அது வடக்கு. இப்போது வடக்கு மேலே இருப்பதாக மனத்தில் திருப்பிப் பாருங்கள். மேற்கு வலக்கைப் பக்கம் வந்தால் பிம்பம் சரியான முகத்தோடு இருக்கிறது. இடக்கைப் பக்கம் வந்தால் அது கண்ணாடிப் பிம்பம்.

இதைத் தாளில் எழுதிவிட்டு, மென்பொருளிலும் அதே புரட்டலைச் செய்துகொள்ளுங்கள். ஸ்டெல்லேரியத்தில் படத்தை இடவலமாகவும் மேல்கீழாகவும் புரட்ட வசதி உண்டு. நான் டயகனல் வைத்துப் பார்த்துவிட்டுப் புரட்டாத படத்தோடு ஒப்பிட்டதால், கிழக்கில் நின்ற நிலாவை மேற்கில் தேடிக்கொண்டிருந்தேன். அதைவிடத் துயரமானது, எதிர்ப்பக்கத்தில் தற்செயலாக வேறொரு புள்ளி இருந்து பொருந்திவிட்டதுதான். தவறான வரைபடமும் சில இரவுகளில் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

6. நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள்

வானியல் அட்டவணைகள் பெரும்பாலும் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். கைப்பேசியில் நிறுவிய மென்பொருளோ உள்ளூர் நேரத்தைக் காட்டும். இரண்டையும் கலந்துவிட்டால் விளைவு சிறியதன்று. டெத்திஸ் சனியை 1.89 நாளில் ஒருமுறை சுற்றிவிடுகிறது. 5 மணி நேரப் பிழை அதன் சுற்றுப்பாதையில் 40 பாகைப் பிழையாகும். டைட்டனுக்கு அதே பிழை 5 பாகைகூட ஆகாது. அதனால்தான் பலருக்கு டைட்டன் மட்டும் சரியாகப் பொருந்தி மற்றவை பொருந்தாமல் போகின்றன. குறை கண்ணில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

உள்ளூர் நேரத்தையும் உலகப் பொது நேரத்தையும் அடுத்தடுத்து எழுதுங்கள். உலகப் பொது நேரத்துக்கு மாற்றும்போது தேதியும் மாறக்கூடும். நள்ளிரவை ஒட்டிய பதிவுகளில் இதை இருமுறை சரிபாருங்கள். சனியிலிருந்து ஒளி வந்துசேர 70 நிமிடத்துக்கு மேல் ஆகிறதே, அதையும் கழிக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். மேலே சொன்ன மென்பொருளும் சேவையும் அதை ஏற்கெனவே கணக்கில் சேர்த்தே இடத்தைக் காட்டுகின்றன.

7. பார்க்கும் முறை

தொலைநோக்கியைப் பார்வைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். குழாயினுள் இருக்கும் வெப்பக் காற்று அடங்கும்வரை பிம்பம் கொதிக்கும் நீர்ப்பரப்பைப் போல் நெளியும். அதே அரை மணி நேரத்தில் உங்கள் கண்ணும் இருட்டுக்குப் பழகிவிடும். கைப்பேசித் திரையைப் பார்த்த மறுகணமே அந்தப் பழக்கம் போய்விடும் என்பதால் தேவையான படத்தை முன்கூட்டியே தாளில் வரைந்துகொண்டு, கைப்பேசியை உள்ளே வைத்துவிடுவது உத்தமம்.

குவியத்தைச் சனியை வைத்துச் சரிசெய்யாதீர்கள். டைட்டனை வைத்துச் சரிசெய்யுங்கள். புள்ளி மிகச் சிறியதாகும் இடமே சரியான குவியம். பிறகு மங்கலான நிலா இருக்க வேண்டிய இடத்தை நேராக உற்றுப் பார்க்காமல், பார்வையைச் சற்றே விலக்கி வையுங்கள். கண்ணின் மையப்பகுதியைவிட அதைச் சுற்றியுள்ள பகுதி மங்கிய ஒளிக்குக் கூர்மையானது. டயோனி பலமுறை இப்படித்தான் எனக்குத் தென்பட்டது: நேராகப் பார்த்தால் மறையும், விலகிப் பார்த்தால் திரும்ப வரும். வளையத்தின் ஒளி தொல்லை தந்தால் சனியைப் புலத்தின் விளிம்புக்கு வெளியே தள்ளிவிட்டு, பக்கத்தில் உள்ள வானத்தை மட்டும் பாருங்கள்.

ஐபீஸுக்குள்ளேயே எதிரொளித்துத் தோன்றும் போலிப் புள்ளி ஒன்றும் உண்டு. குழாயை லேசாக நகர்த்துங்கள். உண்மையான நிலா சனியோடு சேர்ந்தே நகரும். போலிப் பிம்பம் எதிர்த்திசையில் ஓடும்.

ஒரே இரவில் இரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு தாள்கள் வரைய முடிந்தால் மிக நல்லது. சனிக்கு முன்புறமோ பின்புறமோ கடக்கும் சமயத்தில் டெத்திஸ் அந்த இடைவெளியில் நம் தாளின் அளவில் 6 மி.மீ. வரை நகரும், ரியா 4 மி.மீ. வரை. தன் வேலிக்கோட்டை ஒட்டி நிற்கும் நிலாவோ அதே நேரத்தில் அசைந்ததாகவே தெரியாது, ஏனென்றால் அங்கே அது நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ சென்றுகொண்டிருக்கிறது. எனவே அசையவில்லை என்பதற்காக ஒரு புள்ளியை விண்மீன் என்று தள்ளிவிட வேண்டாம்.

8. நிலாவா, விண்மீனா?

முதல் சோதனை தளம். டைட்டன் முதல் மைமாஸ் வரையிலான நிலாக்கள் யாவும் வளையத்தின் தளத்தை ஒட்டியே சுற்றுகின்றன. வளையத்தின் தட்டையான நீள்வட்டத்தை அதே வடிவில் பெரிதாக்கிக்கொண்டே போனதாக எண்ணிப் பாருங்கள்; அந்தப் பெரிய நீள்வட்டங்களின் மேல்தான் அவை இருக்க முடியும். வளையத்துக்கு நேர் மேலே வெகுதூரம் தள்ளி நிற்கும் புள்ளி, பெரும்பாலும் விண்மீன்.

இரண்டாம் சோதனை மறுநாள் இரவு. நேரெதிர் நாளை ஒட்டிய வாரங்களில் சனி விண்மீன்களுக்கிடையே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு வளைய நீளம் நகர்கிறது. நம் தாளில் அது 120 மி.மீ.; டைட்டனின் வேலியையே தாண்டிவிடும் தூரம். ஆகவே நேற்று பக்கத்தில் இருந்த விண்மீன் இன்று தொலைவில் விடப்பட்டிருக்கும். சனியோடு கூடவே வந்த புள்ளிதான் நிலா.

இந்தச் சோதனை ஒரு காலகட்டத்தில் மட்டும் ஏமாற்றும். நேரெதிர் நாளுக்குச் சுமார் பத்து வாரம் முன்பும் பத்து வாரம் பின்பும் சனி தன் நகர்வின் திசையை மாற்றிக்கொள்கிறது. அந்தத் திருப்பத்தில் சில நாட்கள் அது விண்மீன்களுக்கிடையே ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அப்போது பக்கத்தில் இருக்கும் விண்மீன் இரண்டு மூன்று இரவுகள் அதே இடத்தில் இருந்து, நிலாவைப் போலவே நம்மை நம்பவைத்துவிடும். நான் 3 இரவுகள் ரியா என்று எழுதிய புள்ளி இப்படிப்பட்டதுதான். உண்மையில் அந்த 3 இரவுகளே அதைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்: நான்கரை நாளில் சனியைச் சுற்றிவரும் ரியா 3 இரவுகள் ஒரே பக்கத்தில், ஒரே தூரத்தில் நிற்கவே முடியாது. பருவத்தை ஆறு வாரத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னதற்குக் காரணம் இதுவே.

9. பெயரை உறுதி செய்யுங்கள்

முதல் இரவில் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். திரும்பிவரும் நாளில் சோதித்த பிறகே மையால் எழுதுங்கள். டைட்டன் 15.95 நாளில் சுற்றுவதால் 16-ஆம் இரவில் அதே நேரத்தில் அதே இடத்துக்கு வந்துவிடும். அது கிழக்கு எல்லையில் நின்ற இரவிலிருந்து சுமார் 4 நாளில் சனிக்கு முன்புறமும், 8 நாளில் மேற்கு எல்லையிலும், 12 நாளில் சனிக்குப் பின்புறமும் இருக்கும். ரியாவின் இரண்டு சுற்று 9 நாளுக்கும், டயோனியின் நான்கு சுற்று 11 நாளுக்கும், டெத்திஸின் ஒன்பது சுற்று 17 நாளுக்கும் மிக நெருங்கிவருவதால் அந்த இரவுகளே அவற்றுக்குரிய சோதனை நாட்கள். நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்துவையுங்கள். மேகம் மறைத்தால் அடுத்த சுற்றில் பார்க்கலாம்.

டெத்திஸும் டயோனியும் ஒளியில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால் இவ்விரண்டையும் ஒளியைக் கொண்டு பிரிக்க முயல வேண்டாம். புள்ளி 21.5 மி.மீ. கோட்டைத் தாண்டி நின்றால் அது டயோனி. தாண்டாமல் நின்றால் எதுவாகவும் இருக்கலாம். மென்பொருளின் படத்தையும் அடுத்த இரவையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மென்பொருளை எப்போது திறப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வரைந்து முடிக்கும்வரை திறப்பதில்லை. அங்கே ஒரு புள்ளி இருக்கிறது என்று முன்பே தெரிந்துவிட்டால் கண் இல்லாததையும் பார்த்துவிடும். மங்கலான நிலாவைத் தேடும் இரவில் மட்டும் இடத்தை முன்கூட்டியே அறிந்துகொள்கிறேன். அந்தத் தாளில் ‘இடம் அறிந்து பார்த்தது’ என்று தவறாமல் எழுதிவிடுகிறேன்.

10. ஐயாபெட்டஸ்

மற்ற நிலாக்களில் கைதேர்ந்த பிறகு இதற்கு வாருங்கள். இதன் ஒரு பாதி பனிபோல் வெளிறியது, மறுபாதி கரிபோல் இருண்டது. எப்போதும் ஒரே முகத்தைச் சனிக்குக் காட்டியபடி சுற்றுவதால், மேற்கு எல்லையில் நிற்கும்போது வெளிறிய பாதி நம் பக்கம் திரும்பி 10.2 பொலிவெண்ணோடு ஒளிர்கிறது. கிழக்கு எல்லைக்குப் போகும்போது இருண்ட பாதி திரும்பி 11.9-க்கு மங்கிவிடுகிறது. அதாவது 100 மி.மீ. தொலைநோக்கியில் மேற்கே தெரியும் நிலா கிழக்கே காணாமல் போகும்.

மேலே சொன்ன வேலிகளும் தளச் சோதனையும் இதற்குப் பொருந்தா. இதன் சுற்றுப்பாதை வளையத் தளத்திலிருந்து சாய்ந்தது. எல்லையில் இது சனியிலிருந்து பதின்மூன்று வளைய நீளம் விலகி நிற்கும். அவ்வளவு பரப்பில் பல விண்மீன்கள் இருக்கும் என்பதால் இதற்கு மட்டும் தனித் தாள் வேண்டும்: வளையத்தை 10 மி.மீ. ஆகச் சுருக்கி, மேற்குப் பக்கம் முழுவதையும் திறந்துவிட்டு, தெரியும் எல்லாப் புள்ளிகளையும் குறியுங்கள். ஒரு சுற்றுக்கு 79 நாட்கள் ஆவதால் மேற்கு எல்லை நாளை மென்பொருளில் கண்டுபிடித்து, அதற்கு முன்பின் ஒரு வாரத்தில் குறைந்தது மூன்று இரவுகள் வரையுங்கள். சனியோடு சேர்ந்து நகரும் ஒரே மங்கலான புள்ளி எதுவோ அதை வட்டமிட்டு, பக்கத்தில் உள்ள இரண்டு விண்மீன்களோடு ஒளியை ஒப்பிட்டு எழுதிவையுங்கள். 40 நாள் கழித்து, சனிக்குக் கிழக்கே அதே அளவுத் தாளில், அதே ஐபீஸில் மீண்டும் தேடுங்கள். தெரியாவிட்டால் தாளைக் கிழிக்காமல், எந்தப் பொலிவெண் வரை உள்ள விண்மீன்கள் அன்று தெரிந்தன என்பதை எழுதிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.